எந்த விதி?

கேள்வி: விமான விபத்துச் செய்தி அடிக்கடி வருகிறது. பாதுகாப்பான வழித்தடம் என்று ஏதாவது உண்டா, அல்லது எல்லாம் விதிதானா?

பதில்: விதி என்று சொல்லிவிட்டுப் போக உங்களை விடமாட்டேன். தமிழில் தலையெழுத்துக்கும் அதே சொல், சட்டதிட்டத்துக்கும் அதே சொல். தலையெழுத்து என்று தலையில் கை வைத்து உட்காராமல், ஏன் நடந்தது என்று தோண்டிப் பார்த்தவர்கள் எழுதியதுதான் விமானத்துறையின் விதிப்புத்தகம்.

1977 மார்ச் 27. கானரித் தீவுகளில் ஒரு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், விமானங்களைப் பக்கத்திலிருந்த டெனரீஃப் தீவுக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரே ஓடுபாதை, அடர்ந்த மூடுபனி. நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஒரு முனையில் நிற்கிறது. அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனத்தின் ஜம்போ அதே பாதையில் ஊர்ந்து வருகிறது. மேலே ஏறியபின் எப்படிப் போகவேண்டும் என்பதற்குக் கட்டுப்பாட்டு அறை கொடுத்த அனுமதியில் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் இருந்தது. கிளம்பவே அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணி கேஎல்எம் கிளம்பிவிட்டது. ‘இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று பான் ஆம் சொன்ன அதே நேரத்தில் கட்டுப்பாட்டு அறையும் பேச, கேஎல்எம் காதில் விழுந்தது கீச்சொலி. கேஎல்எம் விமானி அறையில் இருந்த விமானப் பொறியாளருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். கேப்டனோ மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுப்பவர். விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. 583 பேர் இறந்தார்கள்.

பனியைக் குறை சொல்லலாம், கேப்டனைக் குறை சொல்லலாம். விசாரித்தவர்கள் ‘டேக்-ஆஃப்’ என்ற ஒரு சொல்லையும் குறை சொன்னார்கள். இன்று கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே அந்தச் சொல் வரவேண்டும். மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’. கேப்டனிடம் இளையவர் துணிந்து பேசுவதற்குத் தனிப் பயிற்சியே வந்தது.

விபத்து நடந்த மறுநாளே ‘விமானியின் தவறு’ என்று தலைப்புப் போடும் நாளிதழ் நண்பர்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. கறுப்புப் பெட்டியைத் (அதன் நிறம் ஆரஞ்சு, சிதைவுகளுக்கு நடுவே கண்ணில் படவேண்டும் என்பதற்காக) திறப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இறந்துபோன விமானி மறுப்புக் கடிதம் அனுப்பமாட்டார்.

அந்தப் பொறியாளரை நான் மறப்பதே இல்லை. எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்கும் இளைஞர் ஒருவர், நான் எழுதிய பக்கத்தில் ஆண்டு தப்பாக இருந்ததைக் கவனித்தும் ஆசிரியருக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டார். அச்சாகி வந்தபிறகுதான் சொன்னார். அன்றிலிருந்து என் பக்கம் அவர் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போவதில்லை.

வழித்தடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அங்கே வான்வெளியை 32,000 அடி வரைதான் மூடியிருந்தார்கள். மலேசியன் ஏர்லைன்ஸின் எம்எச் 17 பறந்தது 33,000 அடியில். ஏவுகணை தாக்கி 298 பேர் இறந்தார்கள். அன்று மட்டும் அந்த வான்வெளியில் 160 விமானங்கள் போயிருந்தன. அந்தத் தடத்தைத் திறந்து வைத்திருந்தவர்களும் மனிதர்கள், அதில் பறக்கலாம் என்று முடிவு செய்தவர்களும் மனிதர்கள். இதை எந்தத் தலையெழுத்தில் சேர்ப்பீர்கள்? போர் நடக்கும் இடத்தைத் தவிர்க்க உங்கள் விமானம் சுற்றிப் போய், இரண்டு மணி நேரம் தாமதமாக இறங்கினால் தயவுசெய்து பணிப்பெண்ணிடம் கோபப்படாதீர்கள்.