எடை குறைந்ததும் பாராட்டினோம், இப்போது அஞ்சுகிறோம்

கேள்வி: 17 வயதாகும் என் மகள் சிறு வயது முதலே சற்றுப் பருத்த உடல்வாகு கொண்டவள். கடந்த ஆண்டு சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்து வேகமாக மெலிந்தபோது உறவினர்கள் பாராட்டினார்கள், நாங்களும் மகிழ்ந்தோம். இப்போது மாதவிடாய் நின்றுவிட்டது, அடிக்கடி தலைசுற்றுகிறது, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறாள். மனநல மருத்துவர் இதை உண்ணுதல் கோளாறு என்கிறார். இன்னமும் சராசரிக்கு மேல் எடை உள்ள பெண்ணுக்கு இந்த நோய் வருமா? நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: வரும், உங்கள் மருத்துவரின் சொல்லைத் தயங்காமல் நம்புங்கள். உண்ணுதல் கோளாறு என்றதும் எலும்பும் தோலுமான உருவமே பலருக்கும் நினைவுக்கு வருவதால்தான், பருத்த உடல்வாகு கொண்டவர்கள் பட்டினி கிடந்தாலும் அது நோயாகத் தெரியாமல், மனவுறுதியாகப் புகழப்படுகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறி கையேடு, எடை வெகுவாகக் குறைந்த பின்னும் சராசரி அளவிலோ அதற்கு மேலோ இருப்பவர்களிடம் எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்கும் அனோரெக்ஸியா என்ற உண்ணுதல் கோளாறின் மற்ற எல்லாக் கூறுகளும் காணப்படலாம் என்று குறிப்பிடுகிறது. நாடித்துடிப்பு தாழ்தல், இரத்த அழுத்தம் குறைதல், உடலின் உப்புச் சமநிலை குலைதல் ஆகிய ஆபத்துகள் அவர்களுக்கும் உண்டு. ஆகவே இரத்தப் பரிசோதனையையும் இ.சி.ஜி.யையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் எடுத்துவிடுங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அவளுடைய மறுப்பைப் பிடிவாதமாக எண்ண வேண்டாம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1944-45-இல் நடத்திய ஆய்வில், நல்ல உடல்நலமும் மனநலமும் கொண்ட 36 ஆண்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்று உணவே தரப்பட்டது. அவர்கள் ஓயாமல் சாப்பாட்டையே நினைத்தார்கள், எரிந்து விழுந்தார்கள், பழகியவர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். சமையல் நூல்களைச் சேர்த்தவர்கள்கூட உண்டு. மகளிடம் நீங்கள் காணும் மாற்றங்களிலும் பல, பட்டினி எவருக்கும் கொண்டுவருபவையே.

வீட்டில் முதலில் நிற்க வேண்டியது உடலைப் பற்றிய பேச்சு. ‘நல்லா இளைச்சிட்டியே’ என்ற பாராட்டை அவள், முன்பிருந்த உடல் வெட்கப்பட வேண்டியது என்றே கேட்டிருப்பாள். சிகிச்சையில் எடை ஏறக்கூடும். அப்போது ‘இப்பத்தான் பூசினாப்புல இருக்கே’ என்று அன்போடு சொன்னாலும், அடுத்த வேளை உணவை அவள் ஒதுக்கிவிடலாம். அவளுடைய உடம்பையும் தட்டையும் பற்றி எதுவுமே பேச வேண்டாம் என்று, அவள் இல்லாத நேரத்தில் உறவினர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் உடலை நீங்களே குறைசொல்லிக்கொள்வதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

வேளை தவறாமல் உணவு, உடன் உட்கார்ந்து சாப்பிட ஒருவர், சாப்பாட்டைத் தவிர்த்த வேறு பேச்சு ஆகியவை தினமும் நடக்கட்டும். உணவுப் பொறுப்பைச் சில காலம் பெற்றோர் ஏற்கும் குடும்பம் சார்ந்த சிகிச்சை, பதின்பருவத்தினருக்குப் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருப்பதால், அது கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

காய்ச்சலுக்கென்று வேறொரு மருத்துவரிடம் போனால்கூட, எடையைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை அவள் காதில் விழ வாய்ப்புண்டு. எனவே அறைக்குள் நுழையுமுன் அவளுடைய நோயை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எடை பார்த்தே ஆக வேண்டுமென்றால், மனநல மருத்துவரும் ஒப்புக்கொள்ளும்பட்சத்தில், எண் தெரியாதபடி அவள் திரும்பி நிற்கலாம். அந்த எண்ணைச் சத்தமாகப் படிக்க வேண்டாம் என்று செவிலியரிடம் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.