பாதி சீசனில் பண்டமாற்று

கேள்வி: பேஸ்பாலில் சீசன் நடுவே வீரர்களை மாற்றிக்கொள்கிறார்களே, லாபம் யாருக்கு?

பதில்: உடனடி லாபம் ஒருவருக்கு, நிஜ லாபம் இன்னொருவருக்கு! 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி, பந்து எறியும் டாயில் அலெக்சாண்டரை அட்லாண்டா அணியிடமிருந்து வாங்கியது. அங்கே அவருக்கு 9 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. அணிக்கு அதன் பிரிவில் முதலிடம், அதாவது டிவிஷன் பட்டமும் வந்தது. சரி, பதிலுக்குக் கொடுத்தது யாரை? பந்து எறியும் இன்னொருவரான 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸை. அவர் 2015இல் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போய்விட்டார். நான் டெட்ராய்ட் ரசிகனாக இருந்திருந்தால் இன்றும் புலம்பிக்கொண்டிருப்பேன்.

நடுவில் 2000இல் ஸ்மோல்ட்ஸுக்கு முழங்கை போனது. 'டாமி ஜான் சர்ஜரி'தான் காப்பாற்றியது. உடம்பில் வேறு இடத்துத் தசைநாரை எடுத்து முழங்கையில் கட்டும் வித்தை அது. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தது டாமி ஜான் என்ற பந்து எறியும் வீரருக்கு. அப்புறமும் 164 ஆட்டம் ஜெயித்தார் மனுஷன்!