வாயைக் கட்டினால் போதுமா?

அன்புள்ள ஐயா,

உடல் பருமன் பற்றிய உங்கள் கட்டுரை சோம்பேறிகளுக்குச் சாக்கு தேடிக் கொடுப்பதுபோல இருந்தது. என் அண்ணன் நூறு கிலோவைத் தாண்டிவிட்டார். “வாயைக் கட்டு, தினமும் நட” என்று சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இதில் ஹார்மோன், சூழல் என்று பேச என்ன இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கே அலுத்துவிட்டது என்றால், கேட்டுக்கொண்டே இருக்கும் அண்ணனுக்கு எப்படி இருக்கும்!

1990-க்குப் பிறகு உலகில் பெரியவர்களிடையே உடல் பருமன் இரண்டு மடங்குக்கும் மேலாகியிருக்கிறது. ஒரே தலைமுறைக்குள் இத்தனை பேருக்கும் சோம்பல் தொற்றிக்கொண்டதா என்ன?

அமெரிக்காவில் ஊட்டச்சத்து ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. இருபது பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். எடை ஒரு கிலோ போல ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அது இறங்கியது. ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள்: மெல்ல வேலையே இல்லாமல் வாயில் கரைந்துவிடும். போதும் என்று வயிறு சொல்வதற்குள் விரல் அடித்தூளைத் துழாவிக்கொண்டிருக்கும்.

ஏறிய எடையை இறக்குவது இன்னொரு கதை. எடை குறைந்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டும், செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்தபோதும் அவர்கள் உடல் செலவிட்ட சக்தி எதிர்பார்த்ததைவிட தினம் 500 கலோரி குறைவாகவே இருந்தது. எடை பெரும்பாலும் திரும்பியிருந்தது.

சரி, என்னதான் செய்வது? நடை இதயத்துக்கு நல்லது, எடைக்கு மட்டும் அதை நம்ப முடியாது. முதலில் இனிப்புப் பானங்களை நிறுத்தலாம். குடித்த கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் வைப்பதில்லை. தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதையும் பாருங்கள். எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் பலருக்குப் பலன் தருகின்றன. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும், அதனால் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது அது. அரசுகளுக்கும் வேலை இருக்கிறது. மெக்சிகோ 2014-இல் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது, விற்பனை குறைந்தது. சிலி 2016-இல், சர்க்கரை, உப்பு போன்றவை அதிகம் என்று பாக்கெட்டின் முகப்பிலேயே கறுப்பு எச்சரிக்கையை அச்சிடவைத்தது.

அப்புறம் ஒன்று. உங்கள் வீட்டில் பாக்கெட்டுகளை வாங்கி வருவது யார்? கடிதத்தில் அதை எழுதவில்லையே.