டார்ஷன் பார் மாற்றியும் இடது முன்பக்கம் தாழ்ந்தே நிற்கிறது

உயரத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் போல்ட்டை இனி முறுக்காதீர்கள். இரண்டு டார்ஷன் பாரும் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகி வண்டியின் முன்பக்கத்தைத் தாங்கும் கம்பிகள்) புதிது, இடது அட்ஜஸ்டர் முழுக்க ஏறிவிட்டது, இருந்தும் 3 செ.மீ. தாழ்வு என்கிறீர்கள். அப்படியென்றால் அந்தப் பக்க ஆங்கர் ஆர்ம் (பாரின் முனையைப் பிடித்திருக்கும், போல்ட் தள்ளும் நெம்பு) ஸ்ப்ளைனில், அதாவது பார் முனையின் பற்களில், ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை போல்ட்டால் ஈடுகட்ட முடியாது.

1. ஃபிரேமை ஸ்டாண்டில் நிறுத்தி, இரு முன்சக்கரங்களும் தொங்கும்படி விடுங்கள். இரண்டு போல்ட்டுகளையும் ஒரே அளவுக்குத் தளர்த்தி, ஆர்ம்கள் நிற்கும் கோணத்தை ஒப்பிடுங்கள். இடது ஆர்ம் வேறாக நின்றால் கழற்றி ஒரு பல் மாற்றிப் பூட்டுங்கள்.

2. கழற்றும்போதே பாரின் முனையில் இடது, வலது குறி இருக்கிறதா என்று பாருங்கள். பல பார்கள் ஒரு திசையில் முறுக்கப்படுவதற்கென்றே தயாரிக்கப்பட்டவை. பக்கம் மாறினால் தொய்ந்துவிடும், விரிசலும் விடலாம்.

ஆர்மைக் கழற்ற அதற்கான புல்லரையே பயன்படுத்துங்கள். சாதாரண சி-கிளாம்ப் வேண்டவே வேண்டாம். நழுவினால் கை போய்விடும்.

அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, டயர் காற்று சமமாக இருக்க, சமதளத்தில் அளவெடுங்கள். ஒரு பக்கத்தை ஏற்றினால் மறுபக்கமும் சற்று மாறும், அதனால் மாற்றி மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். உயரம் மாறியதால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

கம்பெனி அளவுக்கு மேல் ஏற்ற ஆசைப்படாதீர்கள். பார் அதனால் கடினமாகாது; சக்கரம் கீழிறங்க இடம் குறையும், சிவி ஜாயின்ட்டும் (முன்சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டு) சீக்கிரம் தேயும்.