குவாண்டம் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கணித மாதிரியாக எழுதி என்ன பயன்? ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் சிக்கலே. சாதாரண புரோகிராமில் சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு பிரிண்ட் போட்டுப் பார்ப்போம். குவாண்டம் கணினியில் பிட்டின் இடத்தில் இருப்பது கியூபிட்; அதை நடுவில் அளந்தால் அதன் நிலையே கலைந்துபோகும். சாதாரண கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளான நெறிமுறைகளே நம்மை ஏமாற்றியிருக்கின்றன: 1978இல் வந்த நீதம்-ஷ்ரோடர் பொதுச்சாவி நெறிமுறையில் இருந்த ஓட்டையை 1995இல்தான் கவின் லோ காட்டினார்.

நான் இருப்பது கேரளாவில், பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சித்தூர் தாலுக் தோப்புகளிலிருந்து கள்ளு வண்டிகள் மற்ற ஜில்லாக்களுக்குப் போகும். பெர்மிட்டை எத்தனை ஜெராக்ஸும் எடுக்கலாம், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். கள்ளு அப்படியா? வண்டி ஏறிவிட்டால் தோப்பில் இல்லை. தெரியாத நிலையில் இருக்கும் கியூபிட்டையும் நகலெடுக்க முடியாது; 1982இலேயே நிரூபித்துவிட்டார்கள். சைமன் கே, ராஜகோபால் நாகராஜன் இருவரும் 2005இல் வெளியிட்ட சிக்யூபி (CQP) ஒரு புராசஸ் கால்குலஸ், அதாவது ஒன்றோடொன்று பேசும் புரோகிராம்களை (புராசஸ்களை) எழுதும் கணித மொழி. அது இதை டைப் விதியாகவே, அதாவது ஓட்டும் முன்பே சோதிக்கும் விதியாகவே வைத்தது. சேனலில் கியூபிட்டை அனுப்பிவிட்ட புராசஸ் மறுபடி அதைத் தொட்டால் டைப் சோதனையே தடுத்துவிடும். ஓட்டவே வேண்டாம்! இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

கஷ்டம் வேறொரு இடத்தில். 1993இல் பென்னட் குழு சொன்ன டெலிபோர்ட்டேஷன், கியூபிட்டை அனுப்பாமல் அதன் நிலையை மட்டும் சேர்க்கும் முறை. அதில் இருவரிடமும் பின்னிப்பிணைந்த (நிலையைத் தனித்தனியாகச் சொல்ல முடியாத) ஜோடியில் ஆளுக்கொரு கியூபிட் இருக்கும். அனுப்புபவர் தன் ஜோடிக் கியூபிட்டையும் அனுப்ப வேண்டிய கியூபிட்டையும் சேர்த்து அளந்து, விடையாக 2 சாதாரண பிட்டுகளை அனுப்புவார். பெறுபவர் அதற்கேற்ப 4 திருத்தங்களில் ஒன்றைச் செய்வார். இது கியூபிட்டை நேராக அனுப்புவதற்குச் சமம் என்று நிரூபிக்க வேண்டும். சமம் என்றால் வெளியாள் யாருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. ஆனால் அளந்ததும் மாதிரி 4 கிளையாகப் பிரிகிறது, நேர்ச் சேனலில் கிளையே இல்லை. கிளை கிளையாக ஒப்பிட்டால் 'வேறு வேறு' என்றுதான் விடை வரும். முடிவு வெளியே தெரியும்வரை கிளைகளை அவற்றின் நிகழ்தகவோடு சேர்த்து ஒரே கலவை நிலையாக வைத்துக்கொண்டால்தான் சமம் கிடைக்கும். போதாததற்கு, சமமான இரண்டை மூன்றாவது ஒரு புராசஸோடு சேர்த்தாலும் சமமாகவே இருக்க வேண்டும். பின்னிப்பிணைவு இருப்பதால் ஆரம்பகால வரையறைகள் இங்கேதான் சறுக்கின. 2011இல் ஃபெங், துவான், யிங் மூவரும் க்யூசிசிஎஸ் (qCCS) என்ற இன்னொரு கால்குலஸில் இதைச் சரிசெய்தார்கள்.

கணினியே சரிபார்க்கட்டும் என்றால், 10 கியூபிட்டின் நிலையை எழுதவே 1024 எண்கள் வேண்டும். ஸ்டெபிலைசர் என்ற வரம்புக்குட்பட்ட வகைச் செயல்களுக்குள் நின்றால் சாதாரண கணினியிலேயே வேகமாக முடியும். டெலிபோர்ட்டேஷன் அந்த வகைதான்.

படிக்கத் தொடங்குவதானால் முதலில், சாதாரண புராசஸ்களுக்கான மில்னர் குழுவின் பை கால்குலஸ். குவாண்டம் பக்கத்துக்கு பிளஸ் டூ மேட்ரிக்ஸ் கணக்கும் கலப்பெண்களும் தெரிந்தால் ஆரம்பிக்கப் போதும்.