இன்டிசைனில் பெட்டிக்குள் அடங்காத உரையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவது எப்படி?

40 பக்க விழா மலரை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைக்கும்போது, ஒட்டிய கட்டுரையின் பின்பாதி காணாமல் போய்விட்டதாகக் கேட்டிருக்கிறீர்கள். எதுவும் அழியவில்லை, எழுத்துப் பெட்டியின் வலது கீழ் மூலையருகே சிவப்பாகத் தெரியும் சிறு கூட்டல் குறி, இடம் போதாமல் மீதி வரிகள் மறைந்து நிற்பதையே காட்டுகிறது. கறுப்பு அம்புக்குறிக் கருவியை எடுத்து அந்தக் குறியைக் கிளிக் செய்தால் மீதி உரை கர்சரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அடுத்த பக்கத்தில் உள்ள வெற்றுப் பெட்டியின்மேல் கிளிக் செய்தால் இரண்டும் சங்கிலிபோல் இணைந்துவிடுவதால், முதல் பெட்டியில் ஒரு பத்தியை நீக்கினாலும் பின்னுள்ள வரிகள் தாமாகவே முன்னேறி வரும். ஷிப்ட் விசையை அழுத்தியபடி கிளிக் செய்தால், தேவையான பக்கங்களையும் மென்பொருளே சேர்த்துக்கொள்ளும்.

பலரும் செய்வதுபோல் மீதியை வெட்டித் தனிப் பெட்டியில் ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அச்சுக்குப் போகும் நேரத்தில் கட்டுரையாளர் இரண்டு வரி சேர்த்தால் (சேர்க்காத கட்டுரையாளர் அரிது), அடுத்தடுத்த பக்கங்களையெல்லாம் கையால் சரிசெய்ய வேண்டிவரும்.

யூனிகோடு தமிழில் 'கொ'வின் கொம்பு இடம் மாறித் தெரிந்தால் அது பெட்டியின் குற்றமன்று. பாராகிராப் பேனலின் மெனுவில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள்.