டிக்ரி தொகையைக் கட்டினால் சிபில் சரியாகிவிடுமா?

கேள்வி: 2019-ல் வங்கியில் 2 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கினேன். கொரோனாவில் வேலை போய்த் தவணை நின்றுவிட்டது. வங்கி வழக்குப் போட்டு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (நான் ஆஜராகாத நிலையில் வந்த டிக்ரி, அதாவது தீர்ப்பாணை) வாங்கியிருக்கிறது. இப்போது வீட்டுக் கடன் கேட்டால், சிபில் கடன் அறிக்கையில் 'சூட் ஃபைல்டு' (வழக்குப் போடப்பட்டது) என்று இருப்பதாகத் திருப்பி அனுப்புகிறார்கள். பணத்தைக் கட்டினால் அது போய்விடுமா? - வாசகர், ஈரோடு

பதில்: கட்டினால் மட்டும் போகாது. நீதிமன்றம் சிபிலுக்கு எதுவும் அனுப்புவதில்லை. அந்தக் கடன் கணக்கில் இருப்பதெல்லாம் வங்கி அனுப்பியதுதான். எனவே கோர்ட் வழக்கு, வங்கிக் கணக்கு இரண்டையும் தனித்தனியாக முடிக்க வேண்டும்.

முதலில் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அந்தக் கடனுக்கு நேரே வழக்கு நிலை, 'ரிட்டன் ஆஃப்' (வராக்கடன் என வங்கி கணக்கில் தள்ளிய) தொகை, நிலுவை, கணக்கு முடிந்த தேதி ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்ட வேண்டியது டிக்ரியில் உள்ள அசல் மட்டுமல்ல. வட்டியும் செலவுத்தொகையும் சேரும். வங்கியிடம் தேதியிட்ட கணக்கை எழுத்தில் வாங்குங்கள். பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான். கோர்ட்டுக்கு வெளியே, நேராக வங்கியில் கட்டினால் அதை நீதிமன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 21, விதி 2 சொல்வது இது. பதிவாகாத பணத்தை, டிக்ரியை வசூலிக்க வங்கி போடும் நிறைவேற்று மனு வரும்போது நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. வங்கி பதிவு செய்யாவிட்டால், கட்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் நீங்களே மனு போடலாம்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) தள்ளுபடி கிடைக்கும் என்று யாராவது சொன்னால், வீட்டுக் கடன்தான் குறி என்பதை மறக்காதீர்கள். தொகை குறைத்து முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். அடுத்த வங்கி அதை, பாக்கியை விட்டுக்கொடுத்த கணக்காகத்தான் படிக்கும். முடிந்தால் முழுதாகக் கட்டி 'குளோஸ்டு' என்று போடச் சொல்லுங்கள். வங்கி தரும் என்.ஓ.சி.யில் (பாக்கி இல்லை என்ற சான்றில்) கடன் கணக்கு எண், வழக்கு எண், தொகை, தேதி, 'முழு நிலுவையும் செலுத்தப்பட்டது' என்ற வாசகம் எல்லாம் இருக்கட்டும். 'கணக்கு முடிந்தது' என்று ஒற்றை வரியில் தந்தால் வாங்காதீர்கள்.

அதன் பிறகும் அறிக்கை மாறவில்லையா? அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் திருத்தம் கேளுங்கள், கட்டணம் இல்லை. வங்கி உறுதி செய்யாமல் அவர்களால் மாற்ற முடியாது என்பதால் வங்கிக்கும் எழுதுங்கள். 30 நாள் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்போதும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம்.

தவணை தவறிய மாதங்கள் உண்மையாக நடந்தவை. அவற்றை யாராலும் அழிக்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு அழித்துத் தருகிறேன் என்பவரை நம்பி ஏமாறாதீர்கள். சிபில் அறிக்கை 36 மாதத் தவணை வரலாற்றைக் காட்டும்.

சம்மன் உங்களுக்கு வரவே இல்லையென்றால், தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆணை 9, விதி 13-ன் கீழ் அதை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் வழக்கு மறுபடி நடக்குமே தவிர, கடன் போகாது. கடன் உண்மை என்றால் அந்தச் செலவை அசலில் கட்டுவதே மேல்.

நான்கு அறிக்கைகளிலும் நிலுவை பூஜ்ஜியம் ஆகும்வரை புதிதாக விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் 'என்கொயரி' (கடன் கேட்டதற்கான விசாரிப்பு) என்று அறிக்கையில் பதிவாகும். அடுக்கடுக்காகப் போட்டால் மதிப்பெண் இன்னும் இறங்கும்.